முகத்திற்கு விளக்கா? விளக்கிற்கு முகமா?

சிலம்பைப் படித்தோர் பலர். மாதவியின் ஆடலை வியந்தோர் பலர். அவள் ஆடிய மேடையில் எரிந்த விளக்கை எண்ணிப் பார்த்தோர் மிகச் சிலரே. அரங்கேற்று காதையில் இளங்கோ மேடைக்கு அளவு கூறுகிறார்: அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். வாயில் இரண்டு, எழினி மூன்று வகை என்று கணக்குக் கொடுக்கிறார். விளக்கையும் அவர் மறக்கவில்லை. அது எத்தனை திரி கொண்டது, எந்த உலோகத்தால் ஆனது என்று விரித்துப் பேசவில்லை. தூண்களின் நிழல் ஆடரங்கின்மேல் விழாது புறத்தே போகும்படி அதனை நிறுத்தினார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பால் செல்கிறார். எவ்வளவு ஒளி என்பதல்ல, எங்கிருந்து வரும் ஒளி, அது எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதே அவர் கருத்தில் நின்றது. மேடை ஒளி பற்றி இன்று எழுதப்படும் நூல்களும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

அந்த விதியைக் கையில் ஏந்தி நம் மேடைகளைச் சுற்றி வந்தால் என்ன காண்கிறோம்? விளக்குகளுக்குப் பஞ்சமில்லை. சுழலும் விளக்கு, சிமிட்டும் விளக்கு, ஏழு வண்ணம் காட்டும் விளக்கு எல்லாம் உண்டு. தூண் நிழலைத் தேடினாலும் கிடைக்காது. ஆனால், நடிப்பவனின் முகம் எங்கே? அவன் கண் எங்கே? கண்ணீர் விடுகிறானா, கண் சிமிட்டிச் சிரிக்கிறானா என்பது மூன்றாம் வரிசையில் அமர்ந்திருப்பவனுக்குத் தெரிகிறதா? தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்று கேட்டால் நமக்குக் கிடைக்கும் விடை ஒன்றே: "பையன் கறுப்பு. இன்னும் கொஞ்சம் பவுடர் போட்டிருக்க வேண்டும்."

இந்த விடையைத்தான் நாம் இங்கே விசாரணைக்கு இழுக்கிறோம்.

பள்ளி ஆசிரியர் என்ற முறையில் ஆண்டு விழாக்கள் பலவற்றைத் திரைக்குப் பின்னாலிருந்து கண்டிருக்கிறோம். மாலை நான்கு மணிக்கே ஒப்பனை தொடங்கிவிடும். வரிசையாக நிற்கும் பிள்ளைகளின் முகத்தில் முதலில் ஒரு பூச்சு, அதன்மேல் பவுடர், கன்னத்தில் சிவப்பு. கழுத்தும் கையும் பிறந்த நிறத்தில் இருக்க, முகம் மட்டும் எவருடையதோ போலாகிவிடும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையுடன் மேடையேறுகிறான் பாத்திரமேற்ற மாணவன். எதிரே கண்ணைக் கூசவைக்கும் இரண்டு வெள்ளை விளக்குகள். பார்ப்போர்க்குத் தெரிவது என்ன? சட்டை தெரிகிறது, வேட்டி தெரிகிறது, சட்டைக்கு மேலே சுண்ணாம்பு அடித்த சுவர்போல் ஒரு வட்டம் தெரிகிறது. அவன் இருபது நாள் பயின்ற சினமும் ஏக்கமும் அந்தப் பூச்சுக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. அடுத்த ஆண்டு என்ன செய்கிறார்கள்? பூச்சைக் கூட்டுகிறார்கள்! நோய் விளக்கில், மருந்து முகத்தில். இப்படியும் ஒரு மருத்துவம் உண்டோ?

நோயின் காரணம் கடினமானதன்று. எட்டாம் வகுப்பு அறிவியல் போதும். வெள்ளைத் துணி தன்மேல் விழும் ஒளியில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்புகிறது. மாநிற மேனியும் கரிய மேனியும் சிறுபங்கையே திருப்பி அனுப்புகின்றன. நம் கண்ணோ எதையும் தனித்துப் பார்ப்பதில்லை. பக்கத்திலிருப்பதோடு ஒப்பிட்டே பார்க்கிறது. பளிச்சென்ற சட்டையில் பார்வை பதிந்ததும் கண்மணி சுருங்குகிறது. சுருங்கிய கண்ணுக்கு முகம் இருளாகிறது. அதே மாணவனை அதே விளக்கில் பழுப்புச் சட்டையுடன் நிறுத்துங்கள். அதே முகம் எழுந்து நிற்கும்! முகத்தில் மாற்றமில்லை, விளக்கிலும் மாற்றமில்லை. குற்றவாளி சட்டை. ஆனால், தண்டனை மட்டும் தோலுக்கு.

இந்தப் பூச்சு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஐரோப்பிய அரங்குகள் நெடுங்காலம் மெழுகுவத்தியிலும் எண்ணெய் விளக்கிலும் வாழ்ந்தவை. 1638ஆம் ஆண்டிலேயே இத்தாலியின் சப்பட்டினி என்பார், மெழுகுவத்திகளின்மேல் கயிற்றால் தகரக் குழல்களை இறக்கி மேடையை இருளச் செய்யும் முறையை எழுதி வைத்தார். அந்த மங்கிய ஒளியில் முகம் தெரிய வேண்டுமானால் முகத்தைத் தீட்டியாக வேண்டும். புருவத்தைக் கரியாலும் கன்னத்தைச் சிவப்பாலும் வரைந்தாக வேண்டும். அன்று அது தேவை. 1817இல் லண்டன் டுரூரி லேன் அரங்குக்கு வாயு விளக்கு வந்தது. 1837இல் சுண்ணாம்புக் கட்டியை வாயுச் சுடரில் பழுக்கக் காய்ச்சிப் பெறும் வெள்ளொளி கவென்ட் கார்டன் அரங்கில் எரிந்தது. 1881இல் லண்டன் சவாய் அரங்கு முழுவதும் மின்விளக்கு பூண்டது. ஏறத்தாழ 1,200 விளக்குகள். மின்சாரம் தீப்பற்ற வைத்துவிடும் என்று மக்கள் அஞ்சினர். அரங்கின் உரிமையாளர் டோய்லி கார்ட், எரிந்துகொண்டிருந்த விளக்கு ஒன்றை எளிதில் பற்றக்கூடிய மெல்லிய துணியில் சுற்றி, அவையோர் முன்னிலையில் உடைத்துக் காட்டினார். துணி கருகவில்லை. அச்சத்தை வாதத்தால் மட்டுமன்றிச் செய்முறையாலும் போக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று, ஆசிரியர்களுக்குப் பயன்படும்.

விளக்கு வளர்ந்தது. பூச்சு போயிற்றா? போகவில்லை. பெர்லின் நகரத்துப் பாடகர் லைக்னர், 1873இல் கொழுப்பில் குழைத்த வண்ணக் குச்சிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். குச்சிகளுக்கு எண் உண்டு. 5ஆம் எண் தந்தநிறம். 9ஆம் எண் செங்கல் நிறம். இரண்டையும் கலந்து தேய்த்தால் ஆங்கில நடிகனின் 'இயற்கை' முகம் கிடைக்கும். ஐந்தும் ஒன்பதும் என்பது அந்நாட்டு நடிகர்களிடையே வாய்ப்பாடாகவே ஆகிவிட்டது. அவர்கள் முகத்துக்கு அது பொருந்தியது, தேய்த்துக்கொண்டார்கள். குறை கூற நமக்கு என்ன உரிமை? அந்தப் பழக்கம் நம் மேடைக்கும் குடிபுகுந்து, முத்துவெள்ளையும் ரோஸ் பவுடரும் நடிகனுக்கு இரண்டாம் தோலானபோதுதான் நாம் கேட்கத் தொடங்குகிறோம். படப்பிடிப்பு நிலையங்களிலும் இதே கதைதான். சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் பணியாற்றிய எழுத்தாளர் அசோகமித்திரன், அங்கே வண்டி வண்டியாக வந்திறங்கிய பான்கேக் பூச்சையும், கண்ணியமான தோற்றமுடைய எவரையும் அது விகாரமாக்கிய விதத்தையும் தம் நினைவுக் குறிப்புகளில் எள்ளி நகையாடியிருக்கிறார். விளக்குகளின் சூட்டில் வியர்த்து வழிந்தவர்களுக்குத்தான் தெரியும் அந்தப் பூச்சின் பாடு.

இங்கே நண்பர் சிலர் குறுக்கிடுவர்: "தெருக்கூத்தில் மட்டும் முகத்தில் வண்ணம் பூசவில்லையா?" பூசுகிறார்கள். ஆனால், அது வேறு; இது வேறு. கூத்தன் அரிதாரம் பூசுவது தன்னை வெள்ளையனாகக் காட்டிக்கொள்ள அன்று, பாத்திரத்தை அறிவிக்க. இன்ன நிறம் இன்ன பாத்திரம் என்று ஊர் அறியும். தீப்பந்தத்தின் ஆடும் சுடரில், பிறகு பெட்ரோமாக்ஸின் வெள்ளொளியில், தொலைவில் பாய் விரித்து அமர்ந்திருப்பவனுக்கும் எட்டும்படி வரைந்த முகம் அது. கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் பதித்த கண்ணாடித் துண்டுகள் சிறு சுடரையும் நூறாக உடைத்து வீசும். வெளிச்சம் குறைவு என்பதை அறிந்து, அதற்கேற்ப உடையையே விளக்காக்கிய மூளை, அந்த உழைப்பாளி மூளை. சேர நாட்டுக் கதகளியிலும் அப்படியே: ஆட்டவிளக்கு ஒன்றே ஒன்று, நடிகனுக்கு நேர் எதிரே, தாழ்வாக. தாடையைச் சுற்றிய வெள்ளை விளிம்பு முகத்துக்குச் சட்டமிட்டுப் பார்வையைக் கண்ணின்மேல் கொண்டு நிறுத்துகிறது. இவ்விரு கலைகளிலும் விளக்கும் முகமும் ஒருவரையொருவர் அறிந்து வாழ்கின்றன. இவற்றோடு ஆண்டு விழாப் பவுடரைச் சேர்த்துப் பேசுவது கூத்தனுக்குச் செய்யும் அவமதிப்பு.

மின்விளக்கு வந்தபின் மேடைக்காரர்கள் செய்த முதல் பிழை, அது நிறையக் கிடைக்கிறது என்பதற்காக நிறைய ஊற்றியது. காலடியில் ஒரு வரிசை, தலைக்குமேல் ஒரு வரிசை, எதிரே ஒரு வெள்ளம். சுவிட்சர்லாந்துக்காரர் அடால்ஃப் அப்பியா இதைக் கண்டு மனம் நொந்தவர். 1899இல் வெளிவந்த தம் நூலில் இருவகை ஒளியைப் பிரித்துக் காட்டினார். ஒன்று பரவும் ஒளி. அது பார்க்க மட்டும் உதவும். மற்றொன்று வடிவம் தரும் ஒளி; அது ஒரு திசையிலிருந்து வந்து, மூக்குக்கு ஒரு பக்கமும் கன்னத்துக்கு ஒரு பக்கமும் உண்டு என்று காட்டும். நிழலில்லாத முகம் தட்டையான முகம். தீட்டிய படுதாவுக்கு முன்னே உயிருள்ள மனிதனை நிறுத்தி, அவனையும் படுதாவாக்கிவிடுகிறீர்களே என்பது அவர் வழக்கின் சாரம். அடிவிளக்கை அவர் கடுமையாக வெறுத்தார். காரணம் வெளிப்படை. ஞாயிறு மேலிருந்து ஒளி வீசுவது; நம் புருவத்தின் நிழலும் மூக்கின் நிழலும் கீழே விழுவதைக் கண்டு பழகியவர்கள் நாம். காலடி விளக்கு அந்த நிழல்களைத் தலைகீழாக்குகிறது. அதனால்தான் அரக்கனுக்கும் பேய்க்கும் அடியிலிருந்து ஒளி அடிக்கிறார்கள். அந்த ஒளியிலேயே கதாநாயகனையும் நிறுத்திவிட்டு, அவன் முகத்தில் இனிமையில்லை என்று நொந்துகொள்வானேன்?

அப்பியா கனவு கண்டார். அதைக் கம்பத்தில் ஏற்றியவர் அமெரிக்காவின் ஸ்டான்லி மெக்காண்ட்லெஸ். கட்டடக் கலை பயின்று, யேல் பல்கலைக்கழகத்தில் மேடை ஒளி கற்பித்தவர். 1932இல் அவர் வெளியிட்ட சிறு நூல் இன்றளவும் இத்துறையின் அரிச்சுவடி. மேடையைப் பகுதி பகுதியாகப் பிரி. ஒவ்வொன்றும் 8 முதல் 12 அடி அளவு இருக்கட்டும். ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு விளக்கு, நேர் எதிரே அன்று. இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று, நடிகனுக்கு 45 பாகைக் கோணத்தில், மேலிருந்தும் 45 பாகையில். ஒன்றில் வெம்மை நிறம், மற்றொன்றில் குளிர்நிறம். வெம்மை விழும் கன்னம் ஒளிப்பக்கமாகவும், குளிர்மை விழும் கன்னம் நிழற்பக்கமாகவும் தோன்றும்; ஆனால், இரண்டும் தெரியும். இவ்வளவுதான். மந்திரமில்லை, மாயமில்லை.

நம் பள்ளி மேடைக்கு இதைக் கணக்கிட்டுப் பார்த்தோம். நிற்பவனின் முகம் மேடைத் தரையிலிருந்து ஏறத்தாழ 5 அடி உயரம். விளக்கு 15 அடி உயரத்தில் இருந்தால் முகத்துக்குமேல் 10 அடி. அவனிடமிருந்து முன்னே 7 அடி, பக்கவாட்டில் 7 அடி தள்ளிக் கம்பம் நட்டால் கோணம் தானே அமைந்துவிடும். இரண்டு சவுக்குக் கம்பம், இரண்டு விளக்கு. தொலைவு கூடக்கூட ஒளி எவ்வளவு குறையும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். 10 அடியிலிருந்த விளக்கை 20 அடிக்கு நகர்த்தினால் ஒளி பாதியாவதில்லை; கால்பங்காகிறது. பந்தலின் கடைசிக் கம்பத்தில் விளக்கைக் கட்டிவிட்டு "வாட் போதவில்லை" என்று புலம்புவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

மெக்காண்ட்லெஸ் முறையை நாம் போற்றுகிறோம். ஆனால், போற்றுவதோடு நின்றுவிட மாட்டோம். வெம்மைக்கும் குளிர்மைக்கும் எந்த வண்ணத்தாளை மாட்டுவது? இங்கேதான் நூலறிவு நம்மைக் கைவிடுகிறது. இளஞ்சிவப்பு, வெளிர் ஆம்பர், லாவண்டர் என்று மேனாட்டு மேடைகளில் வழங்கும் தாள்கள் வெளிர் மேனியை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. லீ நிறுவனத்தின் வரிசையில் 192ஆம் எண் தாளின் பெயர் 'ஃபிளெஷ் பிங்க்'. மேனியின் இளஞ்சிவப்பு! யாருடைய மேனி? உலகில் பெரும்பாலோர்க்கு மேனி இளஞ்சிவப்பாக இல்லை. பெயர் வைத்தவர் கெட்ட எண்ணத்தோடு வைத்தார் என்று நாம் சொல்லவில்லை. தம் சுற்றத்தாரைப் பார்த்தார், வைத்தார். ஆனால், அந்தத் தாளை வாங்கி மாநிற முகத்தின்மேல் வீசிவிட்டு, முகம் சரியில்லை என்று முடிவு கட்டுபவர் இங்கே இருக்கிறாரே, அவரைத்தான் கேட்கிறோம்.

மேடைக்கு ஒன்றுவிட்ட உறவினன் புகைப்படம். அங்கேயும் இதே வழக்கு நடந்து, தீர்ப்பும் வந்திருக்கிறது. அமெரிக்கக் கோடாக் நிறுவனம், வண்ணப்படங்கள் சரியாக அச்சாகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்க, வெள்ளைப் பெண்ணொருத்தியின் படம் தாங்கிய அட்டையை ஆய்வகங்களுக்கு அனுப்பி வந்தது. 'ஷெர்லி அட்டை' என்பது அதன் பெயர். அவள் முகம் சரியாக வந்தால் எல்லார் முகமும் சரி! பள்ளிக் குழுப்படத்தில் கரிய குழந்தைகள் கண்ணும் பல்லுமாக மட்டும் தோன்றினர். படச்சுருளைத் திருத்தும் எண்ணம் எப்போது பிறந்தது? சாக்கலேட் செய்வோரும் மரச்சாமான் செய்வோரும், எங்கள் சரக்கின் பழுப்பு நிறம் படத்தில் சரியாக விழவில்லை என்று முறையிட்ட பிறகு என்பர் அவ்வரலாற்றை ஆராய்ந்தோர். கரிய குழந்தையின் முகம் கேட்டுப் பெறாத நீதியை மேசையும் நாற்காலியும் கேட்டுப் பெற்றன. சிரிப்பதா, சீறுவதா?

கிழக்கிலிருந்து ஒருவர் இதைப் பற்றி முன்பே எண்ணினார். ஜப்பானிய எழுத்தாளர் தனிசாகி, நிழலைப் போற்றி 1933இல் எழுதிய கட்டுரையில், நோ நாடகத்தின் மங்கிய அரங்கில் தம் நாட்டு நடிகனின் மேனி எத்துணை அழகாக ஒளிர்கிறது என்றும், மின்வெள்ளம் பாயும் கபுகி மேடையில் அந்த அழகு எவ்வாறு பட்டுப்போகிறது என்றும் விளக்கினார். விஞ்ஞானம் தம் நாட்டிலேயே தனித்து வளர்ந்திருந்தால் வானொலியும் படச்சுருளும் தம் குரலுக்கும் நிறத்துக்கும் இசைவாக அமைந்திருக்கும் என்றும் எழுதினார். இதுவரை அவரோடு நாம் ஒரே வழியில் நடக்கிறோம். அதற்குமேல் பிரிகிறோம். அவர் நிழலுக்குத் திரும்பிப் போகிறார். விளக்கை அணைத்துப் பார்ப்போமே என்கிறார். இருட்டில்தான் நம் முகம் அழகு என்பதை, எவ்வளவு இனிய நடையில் சொன்னாலும், நம்மால் ஏற்க இயலாது. ஏட்டுச்சுவடி காலத்து அகல் விளக்கை எண்ணி ஏங்குவோர் நம்மிடையேயும் உண்டு. விளக்கை அணைப்பதால் என்ன பயன்? விளக்கை நகர்த்த வேண்டும்.

எங்கே நகர்த்துவது? பக்கவாட்டுக்கு. கரிய மேனியின் இயல்பை அறிந்தவர் அதைச் செய்வர். வெளிர்மேனி ஒளியைப் பரப்பிச் சிதறவிடுவது. கரிய மேனியில் கண்ணுக்கு முதலில் படுவது மினுமினுப்பு. கன்ன எலும்பு, நெற்றி, மூக்கின் விளிம்பு, தோள் ஆகிய இடங்களில் பக்க ஒளி பட்டதும் பளபளக்கும். அந்தக் கோடுகளே முகத்தை வரைந்துவிடும். நேர் எதிரே நின்று ஒளியை எவ்வளவு கூட்டினாலும் அந்தக் கோடுகள் பிறக்கமாட்டா. சட்டைதான் மேலும் வெளுக்கும். ஆகவே, எதிர் ஒளியைக் குறை. பக்க ஒளியைக் கூட்டு. தலையையும் தோளையும் பின்படுதாவிலிருந்து பிரித்துக் காட்டப் பின்னாலிருந்து ஒரு சிறு விளக்கு வை. பின்படுதா வெள்ளையாக வேண்டாம். வேட்டியும் சட்டையும் தூய வெள்ளையாக வேண்டாம். ஒரு முறை தேயிலை நீரில் நனைத்து உலர்த்தினால் போதும், மேடையில் அது வெள்ளையாகவே தெரியும். ஆனால், முகத்தைத் தின்னாது.

பவுடர்? அது இங்கே எதிரி. மினுமினுப்பைக் கொல்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அது. 2016இல் வெளிவந்து, சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிசு பெற்ற 'மூன்லைட்' என்ற அமெரிக்கப் படத்தில், கரிய நடிகர்களின் முகத்தில் பவுடரைத் தவிர்த்து எண்ணெய்ப் பளபளப்பை வேண்டுமென்றே நிறுத்திப் படமெடுத்தார்கள். மயாமி நகரத்து வெயிலில் வியர்த்த மேனியின் ஒளி அது. உலகம் வியந்தது. நம் வீட்டுத் தாய்மார்களோ, எண்ணெய் வழியும் முகத்தோடு பள்ளிக்கு அனுப்பி, "முகத்தைக் கழுவிக்கொண்டு வா" என்று ஆசிரியர்களிடம் ஏச்சு வாங்கிக் கொடுத்தார்கள்! நெற்றியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்த மாணவனைப் பக்க விளக்கில் நிறுத்திப் பார்த்தோம். கண் குழியில் ஒளி புகுந்தது. உதட்டின் அசைவு கடைசி வரிசைக்கும் எட்டியது.

விளக்கின் வகையையும் பார்க்க வேண்டும். கம்பி பழுத்து எரியும் ஹாலஜன் விளக்கில் சிவப்பும் ஆரஞ்சும் மிகுதி. மாநிறம் என்பது என்ன? மங்கிய ஆரஞ்சுதான். ஆகவே, அந்த விளக்கில் நம் மேனி தன் நிறத்தோடு தோன்றுகிறது. மலிவான வெள்ளை எல்.இ.டி. விளக்கு நீல ஒளியைப் பிறப்பித்து, மஞ்சள் பூச்சு வழியாக அதை வெள்ளையாக்கித் தருவது. அடர் சிவப்பு அதில் குறைவு. இல்லாத சிவப்பைத் தோல் எப்படித் திருப்பித் தரும்? சாம்பல் பூத்ததுபோல் தோன்றுகிறது முகம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கூட்டி வெள்ளை தரும் விளக்குகளிலும் இக்குறை உண்டு. எல்.இ.டி.யைப் பழிக்கவில்லை, மின்செலவு குறைவு, சூடு குறைவு. ஆம்பர் நிறமும் சேர்ந்த விளக்கை வாங்குங்கள். வாங்கும் முன், விற்பவர் காட்டும் வண்ணப் பட்டியலைப் பார்க்காமல், உங்கள் கையை அந்த ஒளியில் நீட்டிப் பாருங்கள் என்கிறோம்.

மின்கணக்கையும் போட்டுவிடுவது நன்று. 500 வாட் ஹாலஜன் நான்கு என்றால் 2,000 வாட். 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. சுவரிலுள்ள 6 ஆம்பியர் பிளக்கில் இதைச் செருகினால் கம்பி காய்ந்து உருகும். 1903 டிசம்பர் 30ஆம் நாள் சிகாகோ இரோகுவா அரங்கில் மேடை விளக்கின் பொறி ஒரு திரைத் துணியில் பட்டது. விடுமுறைக் காட்சி, அரங்கு நிறையப் பெண்களும் குழந்தைகளும். ஏறக்குறைய 600 பேர் மாண்டனர். விளக்குக்கும் துணிக்கும் இடையே குறைந்தது ஒரு முழம் இடைவெளி விடச் சொல்லி எவரும் நம்மை வற்புறுத்த வேண்டியதில்லை.

இனி, வண்ணங்களுக்கு ஒதுக்கப்பட்ட குணங்கள். நாயகி வந்தால் இளஞ்சிவப்பு. வில்லன் வந்தால் பச்சை. அரக்கன் வந்தால் அடிவிளக்கும் உடம்பெல்லாம் கரியும். புராண நாடகங்களின் தந்திரக் காட்சிகளுக்குக் கைதட்டிப் பழகிய கண்களுக்கு இது இயல்பாகவே தோன்றும். அந்தக் காட்சிகளை அமைத்தோரின் தொழில்திறனை நாம் குறைத்துப் பேசவில்லை. இருட்டில் கறுப்புத் துணிக்குப் பின்னே நின்று உழைத்தவர்கள் திறமைசாலிகளே. ஆனால், கரிய மாணவனைக் கண்டதும் "இவன் அசுரனுக்குச் சரி" என்று ஆசிரியர் ஒருவர் பாத்திரம் பிரிக்கிறாரே, அது எந்த விளக்கில் கற்ற பாடம்? பவுடர் பூசி நாயகனாக்குவது, கரி பூசி அரக்கனாக்குவது, இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து வருகின்றன. பிள்ளைகள் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எவனுக்கு எந்தப் பூச்சு என்பதை ஒப்பனை அறையில் அவர்கள் மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். பாடப் புத்தகத்தைவிட விரைவாக.

மன்றங்களிலும் பள்ளிகளிலும் நாடகம் போடும் தோழர்களுக்கு ஒரு சோதனையைச் சொல்கிறோம். ஒத்திகை முடிந்த இரவு அரை மணி நேரம் போதும். நடிப்பவர்களில் மிகக் கரிய நிறமுடைய ஒருவரை அழையுங்கள். முகத்தைக் கழுவச் செய்யுங்கள், பவுடர் வேண்டாம். தேயிலை நீரில் நனைத்த வேட்டி சட்டையோடு மேடை நடுவில் நிறுத்துங்கள். முதலில் காலடி விளக்கை மட்டும் போடுங்கள். பிறகு எதிர் விளக்கை மட்டும். பிறகு அவை இரண்டையும் அணைத்துவிட்டு, இரு கம்பங்களிலும் உள்ள பக்க விளக்குகளைப் போடுங்கள். ஒன்றை முழு அளவில், மற்றொன்றை டிம்மரில் பாதியளவில். ஒவ்வொரு முறையும் அவர் நாடகத்தில் தமக்குரிய ஒரே வசனத்தை, குரலை உயர்த்தாமல், பேசட்டும். மூன்றாம் வரிசையிலும் கடைசி வரிசையிலும் இருவர் இருவராக நால்வரை உட்கார வையுங்கள். விளக்குப் போடுபவர் யார் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாம். எந்த முறையில் கண் தெரிந்தது என்று தனித்தனித் தாளில் எழுதி வாங்குங்கள்.